எழுந்து போகாதவர்களுக்கு வீடு இல்லை

என் மருமகள் யாமிலே இந்த வீட்டை விட்டுப் போகப்போவதாகச் சொன்ன அன்று நான் சூப்புக்கு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். கையை நிறுத்தவில்லை. போகிறவர்கள் போகலாம், கதவைப் பூட்டி யாரும் வைக்கவில்லை என்றேன். அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள். இன்னொரு கத்தியை எடுத்துக் கூடவே சீவ ஆரம்பித்தாள். அவளிடம் எனக்கு ஆகவே ஆகாத குணம் அது. சண்டைக்கு இழுத்தால் வேலைக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து இருபது பேருக்கான கிழங்கைச் சீவி முடித்தோம். வீட்டில் இருந்ததோ நான்கு பேர்.

நான், என் மகன் ஃபெர்னேய், யாமிலே, பேத்தி சலோமே. பொகோட்டாவின் தெற்கு மலையில், லா ரோகாவில், பேருந்து திரும்புகிற இடத்துக்கும் மேலே தொண்ணூறு படி ஏறினால் எங்கள் வீடு. மூன்று மாடி. முதல் மாடியின் செங்கலை நானும் செத்துப்போன என் கணவரும் முதுகில் சுமந்தோம். இரண்டாவது மாடி ஃபெர்னேய் கொத்தனார் வேலைக்குப் போன பிறகு வந்தது. மூன்றாவதை அவன் கல்யாணத்துக்கென்று கட்டினோம். அதற்கு இன்னும் தகரக் கூரைதான். ஆனால் ஜன்னலைத் திறந்தால் ஊர் முழுக்கக் காலடியில் கிடக்கும். அப்படிப்பட்ட மாடியை விட்டுப் போகிறேன் என்கிறாள் ஒருத்தி. கோபம் வராமல் என்ன செய்யும்?

யாமிலே வெங்காயத்தாள் விளைகிற ஏரிக்கரை ஊர்க்காரி. பதினாறு வயதில் ஒரு பையோடு இந்த நகரத்துக்கு வந்தவள். வந்த புதிதில் அவள் கையில் அந்தத் தாளின் வாசனை இரண்டு வருடம் போகவில்லை என்று ஃபெர்னேய் சொல்வான். வடக்கே, பணக்கார வீட்டுக் கிழவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற ஒரு விடுதியில் அவளுக்குச் சமையற்கட்டு வேலை. ஞாயிறும் வியாழனும் தவிர, காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அதற்கு மூன்றரைக்கு எழுந்து நாலு மணிக்குப் படி இறங்க வேண்டும். இரண்டு பேருந்து, நடுவில் ஒரு வரிசை. வேலை முடிந்து திரும்பும்போது இரவு எட்டு ஆகிவிடும். அப்போது சலோமே வெல்லத் தண்ணீர் குடித்துவிட்டு என் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருப்பாள்.

அவள் போகிறேன் என்று சொன்னதற்கு முந்தின ஞாயிறு நடந்ததைச் சொல்ல வேண்டும். சலோமே படியில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். யாமிலே கைகளை நீட்டிக்கொண்டு ஓடினாள். குழந்தை அவளைத் தாண்டி ஓடிவந்து, "அம்மா" என்று என் பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பெற்றவளை அது யாமிலே என்றுதான் கூப்பிடும். நான் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுப் படிந்தது. யாமிலே நீட்டிய கையை மடக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். எனக்கு உள்ளுக்குள் இனித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

கிழங்கு சீவும்போது அவள் சொன்னது இதுதான். பிப்ரவரியில் சலோமேக்குப் பள்ளிக்கூடம் தொடங்குகிறது. அதற்குள் வேலைக்குப் பக்கத்தில், ஃபெர்னேயும் அவளும் குழந்தையும் குடிபோக ஒரு தெரு பார்த்துவிட வேண்டும். அப்படிக் குடிவந்தால் ஏழு மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கே முடிகிற ஷிஃப்ட் தருவதாகத் தலைமைச் சமையல்காரர் தோன் ஏவரிஸ்தோ சொல்லியிருக்கிறார். காலையில் அவளே கொண்டுபோய் விடலாம், மூன்று மணிக்கு அவளே கூட்டி வரலாம்.

"எம் பொண்ணு முழிச்சிருக்கும்போது நான் வீட்டுல இருக்கணும் அத்தை. வேற ஒண்ணும் கேக்கல" என்றாள்.

நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

தெரு பார்ப்பதென்றால் இந்த ஊரில் சும்மா இல்லை. ஒவ்வொரு தெருவுக்கும் அரசாங்கம் ஓர் எண் வைத்திருக்கிறது. ஒன்றாம் அடுக்கு, இரண்டாம் அடுக்கு என்று ஆறு வரைக்கும். மின்சார ரசீதிலேயே அச்சடித்து வரும். எங்கள் மலைக்கு ஒன்று. கிழவர்கள் விடுதி இருக்கிற தெருவுக்கு ஆறு. ஏழைத் தெருக்களுக்குக் கட்டணம் குறைப்பதற்காக வைத்த எண்ணாம். இப்போது மனிதர்கள் நெற்றியில் ஒட்டிக்கொண்டுவிட்டது. காதலிக்கிற பிள்ளைகள்கூட முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். எழுத்துத் தெரியாத எனக்கே அந்த ஓர் எண்ணை வாசிக்கத் தெரியும். ஆறாம் அடுக்கில் எழும்பிய கட்டடங்களில் பாதி ஃபெர்னேய் பூசியவை. பூசி முடிந்த மறுநாள் போனால் முன்வாசலில் விட மாட்டார்கள், வேலையாட்கள் கதவு பின்னால் இருக்கிறது என்பார்கள். ஆறும் வேண்டாம், ஐந்தும் வேண்டாம், ஒரு மூன்றாம் அடுக்கு கிடைத்தால் போதும் என்றுதான் யாமிலே தேடினாள்.

முதலில் லோஸ் செரேசோஸ் என்ற பகுதிக்குப் போனோம். நான் ஏன் கூடப் போனேன் என்றால், ஒவ்வொன்றிலும் ஒரு குறை கண்டுபிடித்துச் சொல்வதற்காக. எனக்கு வேலையே இல்லாமல் போயிற்று. தெரு அகலம், மரம் இருந்தது, நடைபாதை உடையாமல் இருந்தது. யாமிலே வீட்டைப் பார்க்கும் முன் மூலைக் கடைக்குப் போய் ஒரு ரொட்டி கேட்டாள். கடைக்காரன் இரும்புக் கம்பிக்கு உள்ளேயிருந்து கையை மட்டும் நீட்டிக் கொடுத்தான். அவ்வளவுதான், திரும்பி நடந்துவிட்டாள். "கடைக்காரனே கூண்டுக்குள்ள நின்னு விக்கிறான். சாயங்காலம் நான் புள்ளையோட எங்க நிக்கிறது?"

இரண்டாவது இடத்துக்கு வேண்டுமென்றே மழை கொட்டும்போது கூட்டிப் போனாள். வெயிலில் எல்லாத் தெருவும் நல்ல தெருதான் என்பது அவள் கட்சி. கால்வாய்ப் பக்கத்துத் தெரு. பதினைந்து நிமிட மழையில் கணுக்காலுக்கு மேலே சாக்கடை வந்தது. அங்கே குடியிருக்கிற ஒரு பெண் படியில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்து, வீடு பாக்கத்தான வந்தீங்க, செருப்பைக் கையில எடுத்துக்குங்க என்று சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. தெருவைப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு பார்த்த ஐந்து இடங்களில் நடந்ததை நினைத்தால் இப்போதும் ரத்தம் கொதிக்கிறது. வாசலில் வாடகைக்கு என்று பலகை தொங்கும். மணி அடித்தால் கதவு திறக்கும், சிரிப்பார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார்கள். லா ரோகா என்று சொல்வோம். உடனே, பலகையைக் கழற்ற மறந்துவிட்டோம், நேற்றே போய்விட்டது என்பார்கள். ஐந்து வீட்டிலும் அதே மறதி. ஒரு பொம்பளை மட்டும் கொஞ்சம் புதுசாக, நீங்க வீட்டு வேலைக்குப் போறதுண்டா, வியாழக்கிழமை மட்டும் ஆள் வேணும் என்றாள். யாமிலே அவளிடம், எனக்கு வியாழக்கிழமை லீவு, மன்னிச்சுக்கணும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்தாள். நான் படியில் நின்றபடி அந்த வீட்டைத் திட்டிய திட்டில் எதிர் வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது. அன்றோடு நான் கூடப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். எங்கள் மலையில் எவனும் உன்னை எங்கிருந்து வருகிறாய் என்று கேட்க மாட்டான், வீடு இருக்க வீடு தேடி அவமானப்படுகிறாயே என்று அவளையும் திட்டினேன்.

அவள் விடவில்லை. நவம்பர் கடைசியில் ஃபெர்னேயை இழுத்துக்கொண்டு வில்லா கிளாரா பகுதிக்குப் போய்வந்தாள். வந்தவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு விதவை அம்மா, தோன்யா எல்வீரா, கீழே இருக்கிறாள், மேல் மாடியை விடுகிறாள். மூலையில் பள்ளிக்கூடம். விடுதிக்குப் பேருந்தில் இருபத்தைந்து நிமிடம். ரொட்டிக் கடையில் முதல் ரொட்டி ஐந்து மணிக்கு வெளியே வருகிறதாம், அப்படியென்றால் ஐந்து மணிக்குத் தெருவில் ஆள் நடமாட்டம் உண்டு என்று அவளுக்கு ஒரு கணக்கு. மாடிக் குழாயைத் திறந்து பார்த்திருக்கிறாள், தண்ணீர் ஏறுகிறது. சலோமே படுக்கிற அறையில் ஜன்னல் இருக்கிறது. இத்தனையும் ஒரே மூச்சில் சொன்னாள். ஃபெர்னேய் பக்கத்தில் நின்று, பூச்சு நல்ல பூச்சும்மா என்றான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தோன்யா எல்வீராவும் எங்கிருந்து என்று கேட்டிருக்கிறாள். லா ரோகா என்றதும் கொஞ்சம் யோசித்திருக்கிறாள். ஆனால் பலகையை மறந்ததாகச் சொல்லவில்லை. இந்த ஊரில் சொந்த வீடு உள்ள ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள், எல்லோரும் கேட்பது அது.

நான் போடுகிறேன் என்றேன். கோபமெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், மூன்று மாடி வீட்டுக்காரி நான் இருக்கும்போது மருமகள் ஊரான் வாசலில் ஏன் நிற்க வேண்டும்? யாமிலே தயங்கித் தயங்கிச் சொன்னாள். வீடு இருந்தால் மட்டும் போதாதாம், பத்திரம் வேண்டுமாம். எங்களிடம் பத்திரம் இல்லை. லா ரோகாவில் யாரிடமும் இல்லை. முப்பத்தெட்டு வருடமாகத் தரப்போகிறார்கள். தேர்தலுக்குத் தேர்தல் ஒருவர் வந்து படம் எடுத்துக்கொண்டு போவார். நான் தூக்கிய செங்கல் நிஜம், பூட்டு நிஜம், மின்சார ரசீது மாதம் தவறாமல் என் பெயருக்கு வருவதும் நிஜம். வீடு மட்டும் இல்லையாம். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

கடைசியில் தோன் ஏவரிஸ்தோ கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டார். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. இப்போது குடியிருக்கிற வீட்டுக்காரரிடம் தோன்யா எல்வீரா போனில் ஒரு வார்த்தை விசாரிப்பாள். மாமியார்தான் வீட்டுக்காரி என்று யாமிலே என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டாள், ஒப்துலியா என்று. அது பொய்யும் இல்லையே.

இரண்டு நாள் எனக்குப் பாடம் நடந்தது. "மூணு வார்த்தை போதும் அத்தை. அமைதியானவங்க. சுத்தமா வெச்சிருப்பாங்க. நாய் கிடையாது. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாதீங்க."

"எனக்கு வாயே இல்லன்னு சொல்லிடேன்" என்றேன்.

"இருக்கு. அதான் பயமா இருக்கு."

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு போன் வந்தது. சலோமே என் மடியில் இருந்தாள். தோன்யா எல்வீரா நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். நானும் மூன்று வார்த்தையையும் வரிசையாகச் சொல்லிவிட்டேன். அதோடு முடிந்திருக்க வேண்டும். அவள் போனை வைக்கும் முன் மரியாதைக்காக, நீங்க அந்த வீட்டுல ரொம்ப நாளா இருக்கீங்களோ என்று கேட்டாள்.

"ஆக்கிரமிப்பு அன்னிலேர்ந்து இருக்கேம்மா" என்றேன். "மொதல் கயிறு கட்டினது நாங்கதான்."

இதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எங்கள் மலையில் நாளைக் கணக்கிடுவதே அந்த வார்த்தையை வைத்துத்தான். இன்னார் ஆக்கிரமிப்புக்கு முந்தின வருடம் பிறந்தவர், இன்னார் ஆக்கிரமிப்புக் குழந்தை என்போம். வருடா வருடம் ஆக்கிரமிப்பு நாள் கொண்டாடுவோம். தெரு நடுவே அண்டா வைத்துக் கோழி சூப்பு, பாட்டு, ஆட்டம், பாதிரியார்கூட வந்து ஆசீர்வதித்துவிட்டுப் போவார். புனித வாரத்தில் போலீஸ்காரர்கள் லீவில் இருக்கும்போது நூற்றுப் பத்துக் குடும்பம் ஏறினோம். முளை அடித்துக் கயிறு கட்டி, தார்த் துணியால் கூரை போட்டு, ஒவ்வொரு கூரை மேலும் நாட்டின் கொடியைச் சொருகினோம். கொடி இருந்தால் இடிக்கக் கூசுவான் என்று யாரோ சொன்னார்கள். கூசவில்லை, இடித்தான்.

"ஆக்கிரமிப்பா?" என்றாள் அவள். "போலீஸ் வந்து கிளப்பலையா?"

யாராவது இதைக் கேட்டு எத்தனை வருடமாயிற்று. "பதினோரு தடவை கிளப்பினாங்க. பதினோரு தடவையும் அன்னிக்கே திரும்பி வந்து உக்காந்தோம். கோர்ட்டுக் காகிதம் கொண்டுவந்து நீட்டினான். அதை வெச்சுத்தான் அன்னிக்கு அடுப்பு பத்த வெச்சேன்."

பிறகு மெதுவாக, உங்க மருமக எப்படி என்றாள்.

"அவளா? அவ எனக்கும் மேல. ஒரு எடத்துல உக்காந்துட்டான்னா நாலு பேர் சேர்ந்து தூக்கினாலும் எழுந்திருக்க மாட்டா."

நன்றி சொல்லி வைத்துவிட்டாள். நானும் சந்தோஷமாக வைத்தேன். ஏழு வருடத்தில் யாமிலேயைப் பற்றி நான் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

புதன்கிழமை யாமிலே பாதி நாள் அனுமதி கேட்டு, மாலையே நனைந்து வந்தாள். தோன்யா எல்வீரா வீட்டை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறாள். யாமிலே நம்பவில்லை. வேலையிலிருந்து நேரே போய்ப் பார்த்தால் பலகை அப்படியே தொங்குகிறது. கீழே ரொட்டிக் கடைக்காரிதான் சமாதானமாக விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். நீ ஏதோ வீடு அபகரிக்கிற கும்பலாம், உன் மாமியாரே போனில் பெருமையடித்தாளாம், தெருவுக்கே தெரியும் என்றிருக்கிறாள்.

சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன், போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவள் ஈரத் தலையோடு நின்றுகொண்டு, "வேணும்னே சொன்னீங்களா அத்தை?" என்றாள்.

"உன்னைப் பாராட்டிதான்டி சொன்னேன்."

"அதைத்தான் கேக்கறேன். ஏழு வருஷமாப் பாராட்டாதவங்க நேத்து எதுக்குப் பாராட்டினீங்க?"

ஃபெர்னேய் இடையில் வந்து, அம்மாவை ராணுவத்துல சேர்த்திருக்கணும் என்று ஏதோ சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. யாமிலே மேலே போய்விட்டாள். நான் சலோமேக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். மடியில் அந்தச் சூடு, கையில் அந்த முடி. வேண்டுமென்றே சொன்னேனா என்று யார் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அன்று இரவு எனக்கு என் மேலேயே வந்த கோபம், இடிக்க வந்த போலீஸ்காரன் மேல்கூட வந்ததில்லை.

மறுநாள் வியாழன், அவளுக்கு லீவு. கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, வா, அந்தம்மா வீட்டுக்குப் போகலாம் என்றேன். வேண்டாம், கெட்டது போதும் என்றாள். நீ வராவிட்டால் ஒவ்வொரு தெருவாகக் கேட்டுக்கொண்டு நானே போவேன், எனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே, ஊர் முழுக்க விசாரிப்பேன் என்றேன். அந்த மிரட்டலுக்குப் பயந்து வந்தாள். பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். இறங்கும்போது, "நீங்க வாயைத் தொறக்கக் கூடாது" என்றாள். சரி என்றேன்.

தோன்யா எல்வீரா சங்கிலி போட்ட கதவின் இடுக்கில் நின்று எங்களைப் பார்த்தாள். என் வயதுதான் இருக்கும். ஏப்ரனில் மாவு. யாமிலே பேச வாயெடுக்கும் முன் நான் பேசிவிட்டேன்.

"நாங்க புடிச்சது வெறும் பாறைம்மா. ஆடுகூட மேயாத எடம். உங்க மாடியை இல்ல."

"பாறையோ மாடியோ" என்றாள் அவள். "போகச் சொன்னாப் போகாதவங்கதான நீங்க? நீங்களே சொன்னீங்க."

பிறகு கதவிடுக்கிலேயே நின்று சொன்னாள். போன தடவை இருந்தவன் நல்ல சட்டை போட்டவன். நான்காம் அடுக்கிலிருந்து வந்தவன். ஆறு மாதத்துக்குப் பிறகு காலி செய் என்றதும் கதவைச் சாத்திக்கொண்டான். இரண்டு வருடம் கோர்ட்டுக்கு நடந்தாள். சொந்த வீட்டில் படியேறப் பயந்து தங்கை வீட்டு சோபாவில் தூங்கியிருக்கிறாள். சொல்லிக்கொண்டே சங்கிலி சரியாக மாட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். அதைப் பார்த்ததும் என் கோபத்துக்கு நிற்க இடம் கிடைக்கவில்லை. அதற்காக அது இறங்கிவிடவும் இல்லை.

"அவன் நாலாம் அடுக்கு, நாங்க ஒண்ணாம் அடுக்கு. அவன் பண்ணினதுக்கு நாங்க எப்படிம்மா பதில் சொல்றது?" என்றேன். "ஒண்ணு மட்டும் கேளுங்க. போக எடம் இருக்கறவங்க போயிடுவாங்க. எங்களுக்கு அன்னிக்குப் போக எடமில்ல, அதனால போகல. இவளுக்கு எடம் இருக்கு. நீங்க போன்னு சொன்ன அன்னிக்கே எங்க மூணாவது மாடிக்கு ஏறி வந்துடுவா."

"அதை நீங்க வாடகைக்கு விட்டுடுவீங்க."

விடத்தான் நினைத்திருந்தேன். எங்கள் தெருக் கடைக்காரரின் மச்சானிடம் பேசியும் வைத்திருந்தேன். "விட மாட்டேன். காலியாவே கெடக்கும்" என்றேன். யாமிலே முதல்முறையாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

தோன்யா எல்வீரா சங்கிலியைக் கழற்றினாள். உள்ளே கூப்பிடவில்லை, கதவு மட்டும் கொஞ்சம் அகலமாயிற்று. வீடு மூன்று மாதமாகக் காலி, ஜாமீன்காரர் நல்லவர் என்று விசாரித்துவிட்டாள், இனியும் காலியாகப் போட முடியாதென்று அவளுக்கும் தெரியும்தானே. ஒரு நிபந்தனை என்றாள். மூன்று பேர்தான். மலையிலிருந்து யாரும் வந்து ஓர் இரவுகூடத் தங்கக் கூடாது. ஒருவர் வந்தால் பத்துப் பேர் வருவார்கள்.

மலையிலிருந்து யாரும் என்றால் நான்தான். நெஞ்சில் யாரோ செங்கல்லால் தட்டின மாதிரி இருந்தது. ஆனால் பிப்ரவரிக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எனக்கும் எண்ணத் தெரியும். சரி என்று சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் ஒரு வீட்டுக்காரியிடம் நான் சரி என்று சொன்னது அதுதான் முதல்.

"சரியில்ல" என்றாள் யாமிலே.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தோம்.

"அத்தை ஞாயித்துக்கிழமை வருவாங்க. சூப்பு குடிப்பாங்க. மழை பெஞ்சாத் தங்குவாங்க. அதையும் காகிதத்துல எழுதுங்கம்மா. எழுத முடியலன்னா வேற ஆள் பாத்துக்குங்க."

சொல்லிவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்கவில்லை. படி இறங்கி நடந்துவிட்டாள். ஐந்து மாதம் தேடி, ரொட்டி வேகிற நேரம் வரைக்கும் விசாரித்து, கண்ணில் வைத்துக் காத்த வீட்டை விட்டு, திரும்பிப் பார்க்காமல் ரொட்டிக் கடையைத் தாண்டிப் போகிறாள். பைத்தியம் பிடித்துவிட்டதா இவளுக்கு, வாடி இங்கே என்று கத்த நினைத்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள் என்று யாரிடம் நான் சொன்னேனோ அவளும் என் பக்கத்தில் நின்றபடி அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ போறாளே" என்றாள் தோன்யா எல்வீரா.

"போறா" என்றேன்.

அவள் வாசலுக்கு இறங்கிக் கையைத் தட்டிக் கூப்பிட்டாள். "நில்லும்மா. மழைக்கு மட்டும்னு எழுதலாம்."

அப்படித்தான் எழுதியிருக்கிறதாம். மழை நாளில் மாமியார் தங்கலாம் என்று முத்திரைத் தாளில், இரண்டு கையெழுத்துக்கு மேலே. யாமிலே எனக்கு வாசித்துக் காட்டினாள். எனக்கு அதைக் கேட்டும் கோபம்தான் வந்தது. என் மகன் வீட்டில் நான் தூங்க வானம் அனுமதிக்க வேண்டுமாம்.

ஜனவரி மூன்றாம் சனிக்கிழமை போனார்கள். கட்டிலைப் படிகளில் இறக்கத் தெருவே வந்து தோள் கொடுத்தது. நான் உதவவில்லை. அடுப்பில் வேலை இருக்கிறது என்று உள்ளேயே இருந்தேன். சலோமே கத்திக்கொண்டே போனாள். மூன்று ஞாயிறு கூப்பிட்டும் நான் இறங்கவில்லை. முழங்கால் வலி என்றேன். பிப்ரவரியில் பள்ளிக்கூடம் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிறுதான் போனேன்.

போன நேரம் உள்ளே பெரிய சண்டை. சலோமே புதுச் செருப்பு வேண்டாம் என்று தரையில் உருண்டு அழுகிறாள். யாமிலே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எழுந்திரு, மூணு எண்ணுவேன் என்கிறாள். மலையில் இருந்தவரை அந்தக் குழந்தை யாமிலேயிடம் அழுததே இல்லை, விருந்தாளியிடம் இருப்பது போல அடக்கமாக இருக்கும். அடம் பிடிப்பது, உதைப்பது எல்லாம் என்னிடம்தான். இப்போது என்னைப் பார்த்ததும் கையை நீட்டியது. நான் ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டேன்.

"நீங்க உக்காருங்க அத்தை. நான் பாத்துக்கறேன்" என்றாள் யாமிலே.

உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் சூப்பு வைத்திருந்தாள். கொத்தமல்லி கொஞ்சம் அதிகம், அதைச் சொன்னேன். அறைக்குள்ளே குழந்தை, நீ கெட்ட அம்மா, உன்கூடப் பேச மாட்டேன் என்று யாமிலேயிடம் கத்திக்கொண்டிருந்தது. யாமிலே, பேசாத, முதல்ல செருப்பைப் போடு என்றாள். அவள் குரலில் கோபம் இருந்தது. கோபத்துக்கு அடியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும், நானும் ஐந்து வருடம் அதே குரலில் அந்தக் குழந்தையைத் திட்டியிருக்கிறேன். சூப்பை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

மூன்று மணிக்கு மேகம் கறுத்து மழை இறங்கியது. தங்குங்க அத்தை, காகிதத்துல இருக்கு என்று யாமிலே சிரித்தாள். மூன்றாவது மாடி ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு வந்திருக்கிறேன், காலி மாடிதான் என்றாலும் நனைய விட முடியுமா என்று சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். கீழே தோன்யா எல்வீரா கதவைத் திறந்து குடை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன், நன்றி சொல்லவில்லை. பேருந்தில் அடுக்கையும் பத்திரத்தையும் முத்திரைத் தாளையும் கொத்தமல்லியையும் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்து இருக்கைக்காரி இரண்டு நிறுத்தம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டாள்.